சார்ல்ஸ் வான் ரைப்பர்: திக்கலோடு சண்டை வேண்டாம் என்ற பேராசிரியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்குத் திக்குகிறது, மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, எழுத்துக் கூட்ட முடியவில்லை என்று பெற்றோர் கேட்கும்போது நான் அடிக்கடி ஒரு பெயரை இழுப்பேன்: சார்ல்ஸ் வான் ரைப்பர். "யார் அவர்?" என்றுதான் உடனே கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் பாதி சொல்லிப் பாதி விட்டுவிடுகிறேன். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்டும் இல்லை. சின்ன வயதிலிருந்தே திக்கும் ஆள், அவ்வளவுதான்.

யார் இந்த வான் ரைப்பர்?

பேச்சுக் கோளாறுகளைப் பற்றிக் கற்பித்த அமெரிக்கப் பேராசிரியர். 1905 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் சாம்பியன் என்ற சின்ன இரும்புச் சுரங்க ஊரில் பிறந்தார். அப்பா அந்த ஊர் டாக்டர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அயோவா பல்கலைக்கழகத்தில் 1934-இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1936-இல் அதே மிச்சிகனில் கலமசூ நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு வந்து ஒரு பேச்சு கிளினிக்கைத் தொடங்கினார். அமெரிக்காவின் ஆரம்பகாலப் பேச்சு கிளினிக்குகளில் அதுவும் ஒன்று. அந்தக் கல்லூரிதான் 1957-இல் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆனது. கிளினிக் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

1939-இல் அவர் எழுதிய பேச்சுத் திருத்தப் பாடநூல் பல பதிப்புகள் கண்டது. தெரபிஸ்டுகளில் பல தலைமுறை அதைப் படித்துத்தான் தொழிலுக்கு வந்தது. 1994 செப்டம்பரில் 88 வயதில் காலமானார்.

அவருக்கே திக்குமாமே, உண்மையா?

உண்மைதான். லேசாக அல்ல, கடுமையாகவே திக்கும். முகம் கோணும், மூச்சு நிற்கும், ஒரு சொல் வெளியே வர வெகுநேரம் ஆகும். அந்தக் காலத்தில் திக்குவாயைக் குணப்படுத்துவதாகச் சொல்லிக் காசு வாங்கிய பள்ளிகள் அமெரிக்காவில் நிறைய இருந்தன. கையை ஆட்டிக்கொண்டு தாளத்துக்குப் பேசச் சொல்வார்கள். அவரும் இளம் வயதில் அப்படி ஒன்றுக்குப் போனார். அங்கே இருக்கும் வரை நன்றாகப் பேசினார். வீடு திரும்பிய கொஞ்ச நாளில் பழைய கதைதான். தாளத்துக்குப் பேசினால் யாருக்குமே திக்கல் குறையும். பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் அப்படித்தான். ஆனால் கடைக்குப் போய்த் தாளம் போட்டுக்கொண்டா பேச முடியும்?

பேசவே முடியாது என்று மனம் விட்டுப்போய், ஒரு பண்ணையில் காது கேளாத ஊமை போல நடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பேச வேண்டாமே! அதுவும் தாங்காமல் அங்கிருந்து கிளம்பினார். வழியில் ஒரு முதியவர் தன் மாடல் டி ஃபோர்டு காரில் அவரை ஏற்றிக்கொண்டு பெயரைக் கேட்டார். இவர் பெயரைச் சொல்லப் பட்ட பாட்டைப் பார்த்துக் கிழவர் சிரித்துவிட்டார். இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கிழவர் பதில் சொன்னபோது அவருக்கும் திக்கியது. முகம் கோணாமல், மூச்சு முட்டாமல், மெல்ல நழுவி வந்த திக்கல். நானும் இளமையில் உன்னை மாதிரிதான் முட்டி மோதினேன், இப்போது அதற்குத் தெம்பில்லை, சொற்களை அதன் போக்கில் கசிய விட்டுவிடுகிறேன் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

வான் ரைப்பர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. திக்காமல் பேசுவது எப்படி என்றுதான் அதுவரை தேடினார். அதற்கப்புறம் கேள்வியே மாறிவிட்டது. திக்கத்தான் போகிறோம், அதை நோகாமல் திக்குவது எப்படி?

நோகாமல் திக்குவதா? அப்படியென்றால்?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவருடைய வேலை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

"பந்து" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திக்கும் பிள்ளை "ப"வில் மாட்டிக்கொள்கிறது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. உள்ளே காற்று முட்டுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் இறுகுகிறது, கால் தரையைத் தட்டுகிறது. கடைசியில் வெடித்துக்கொண்டு "பந்து" வெளியே வருகிறது. இதில் திக்கல் எது? உதடு ஒரு கணம் நேரம் தவறியது மட்டும்தான். மீதியெல்லாம் அந்தத் திக்கலோடு பிள்ளை போட்ட சண்டை. காலைத் தட்டியது என்றோ ஒரு நாள் தற்செயலாகக் கைகொடுத்திருக்கும். பிறகு அது பழக்கமாகி ஒட்டிக்கொண்டது, கைகொடுப்பது மட்டும் நின்றுவிட்டது.

இந்தச் சண்டையைக் கழற்ற அவர் மூன்று படிகளை வைத்தார். நாம் எதிர்பார்க்கும் வரிசைக்கு நேர்மாறான வரிசை அது. முதல் படி, திக்கி முடித்த பிறகு. "பந்து" என்று எப்படியோ முட்டிச் சொல்லியாகிவிட்டது. உடனே அடுத்த சொல்லுக்கு ஓடாமல் நிற்க வேண்டும். இரண்டு மூன்று விநாடி. அந்த இடைவெளியில் எங்கே இறுகியது என்று கவனித்துவிட்டு, அதே சொல்லை உதட்டைத் தளர்த்தி மெதுவாக இழுத்து மறுபடி சொல்ல வேண்டும். இதைக் கேன்சலேஷன் என்பார்கள். இரண்டாம் முறையும் திக்கலாம், தப்பில்லை. அவசரமில்லாமல் திக்க வேண்டும், அவ்வளவுதான்.

அது பழகியதும் இரண்டாவது படி, திக்கிக்கொண்டிருக்கும்போதே. உதடு ஒட்டிவிட்டது என்று தெரிந்ததும் இன்னும் அழுத்தாமல், ஒட்டிய இடத்திலிருந்தே மெல்லத் தளர்த்தி வெளியே வருவது. இது புல்-அவுட். மூன்றாவது, திக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும்போது அந்தச் சொல்லுக்குள் தளர்வாக நுழைவது. இது பிரிபரேட்டரி செட். முதலில் பின்னால், பிறகு நடுவில், கடைசியாக முன்னால். ஏன் இந்த வரிசை என்றால், பயம் உச்சத்தில் இருக்கும்போது யாராலும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. திக்கி முடித்த பிறகு பயம் போய்விட்டிருக்கும், அங்கே பாடம் நடத்தலாம்.

இந்த மூன்றுக்கும் முன்னால் நீண்ட ஆயத்தம் உண்டு. தன் திக்கலைக் கண்ணாடியில் பார்ப்பது, எந்தச் சொல்லைக் கண்டு ஒதுங்குகிறோம் என்று பட்டியல் போடுவது, வேண்டுமென்றே அந்நியர் முன் திக்கிப் பார்ப்பது. இணையத்தில் சிலர் அந்த மூன்று உத்திகளை மட்டும் வீடியோ போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆயத்தம் இல்லாமல் உத்தி மட்டும் வந்தால், ஒளித்து வைக்க இன்னொரு தந்திரம் கிடைத்தது என்றுதான் ஆகும்.

அவர் ஏதோ கணக்குச் சூத்திரம் போட்டாராமே?

போட்டார். பின்னம் மாதிரி, மேலே கொஞ்சம், கோட்டுக்குக் கீழே கொஞ்சம். மேலே இருப்பவை திக்கலைக் கூட்டுபவை: திக்கியதற்குக் கிடைக்கும் தண்டனை, நினைத்ததைச் சொல்ல முடியாத எரிச்சல், பதற்றம், குற்ற உணர்ச்சி, உள்ளே புகையும் கோபம், குறிப்பிட்ட சூழ்நிலையின் மேல் பயம், குறிப்பிட்ட சொல்லின் மேல் பயம், உடனே பேசியாக வேண்டிய நெருக்கடி. கீழே இருப்பவை குறைப்பவை: மனத்தெம்பு, சரளமாகப் பேசிய அனுபவம்.

இதில் எண்களைப் போட்டுக் கூட்டிக் கழிக்க முடியாது. ஆனால் ஒரு நிகழ்ச்சியை இதில் வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். என் கதையையே சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் என் வரிசை எண் 23. வருகைப் பதிவில் பெயர் வந்ததும் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். எனக்கு "உ"வில் தொண்டை அடைக்கும். 18-ஆம் எண் வரும்போதே கை வேர்க்கும். 23 வந்ததும் வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. ஆசிரியர் தலையைத் தூக்காமலே 24-க்குப் போய்விடுவார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பதிவேட்டில் வரவில்லை என்று இருக்கும். ஒரு மாதம் அப்படி ஓடியது. சூத்திரத்தில் வைத்துப் பாருங்கள்: தண்டனை உண்டு, சொல் பயம் உண்டு, சூழ்நிலைப் பயம் உண்டு, நெருக்கடிக்கு ஒரு விநாடிதான் கெடு. கீழே போட ஒன்றுமே இல்லை. அதே பையன் வீட்டு நாயிடம் "உட்காரு" என்று அட்டகாசமாகச் சொல்வான். "உ" ஒன்றுதான், மேலே இருப்பது மாறிவிட்டது.

பெற்றோருக்கு இந்தச் சூத்திரம் எதற்கு என்றால், பிள்ளையின் நாக்கில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே இருப்பதில் இரண்டைக் குறைக்கலாம், கீழே இருப்பதில் ஒன்றைக் கூட்டலாம். அந்த ஆசிரியர் தலையை நிமிர்த்திப் பார்த்து, கை தூக்கினால் போதும் என்று சொல்லியிருந்தால் என் கணக்கு அன்றைக்கே மாறியிருக்கும்.

என் குழந்தைக்கு மூன்று வயது. போன மாதம் திடீரென்று திக்க ஆரம்பித்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

இப்போதே பயம் வேண்டாம், கவனம் வேண்டும். திக்கல் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் தொடங்குகிறது. ஏறக்குறைய 5 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது. அவர்களில் நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேருக்குத்தான் அது நிலைக்கிறது.

எந்தக் குழந்தைக்குப் போகும், எதற்கு நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குடும்பத்தில் பெரியவர் யாருக்காவது திக்கல் நிலைத்திருந்தால், குழந்தை ஆணாக இருந்தால், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், "ப-ப-பந்து" என்ற லேசான திருப்பல் போய்ச் சத்தமே வராமல் அடைத்துக்கொள்ள ஆரம்பித்தால், பேச வாயெடுத்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று பின்வாங்கினால், காத்திருக்காதீர்கள். ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

பேச்சுக் குறை என்று எதைச் சொல்வது என்பதற்கு வான் ரைப்பர் வைத்த அளவுகோல் இன்னும் பயன்படுகிறது. என்ன சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் கேட்பவர் கவனம் போகிறதா? சொல்ல வந்தது போய்ச் சேராமல் தடுக்கிறதா? பேசுபவரை வாட்டுகிறதா? கடைசிக் கேள்விக்குப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

"மெதுவா பேசு", "மூச்சு விட்டுப் பேசு" என்று சொல்லலாமா?

வேண்டாம். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அது போதும். பிள்ளை சொல்லி முடித்த பிறகு ஒரு விநாடி கழித்துப் பதில் சொல்லுங்கள். பாதிச் சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

திக்கல் எதனால் வருகிறது? வளர்ப்பு சரியில்லையா?

வளர்ப்பால் வருவதில்லை. வயதான காலத்தில் வான் ரைப்பர் வந்து சேர்ந்த முடிவு, திக்கலின் மூலம் பேச்சுத் தசைகளின் நேரக்கணக்கில் விழும் மிகச் சிறிய தாமதங்கள் என்பது. அதன்மேல்தான் பயமும் போராட்டமும் கட்டடம் கட்டுகின்றன. பிறகு வந்த ஆராய்ச்சி அந்தப் பக்கமே போயிருக்கிறது. 2010-இல் திக்கலோடு தொடர்புள்ள சில மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டன. திக்குபவர்களின் மூளையில் பேச்சுக்கான இடப்பக்க நரம்புப் பாதைகளில் வேறுபாடு இருப்பதை ஸ்கேன்கள் காட்டுகின்றன. யாரையோ பார்த்துப் பழகியது, ஒரு முறை பயந்தது, அம்மா வேலைக்குப் போனது எல்லாம் காரணமே இல்லை.

இடது கைப் பழக்கத்தை மாற்றினால் திக்கும் என்கிறார்களே?

இந்த நம்பிக்கைக்கு ஆராய்ச்சிப் பின்னணியே உண்டு, அதுவும் வான் ரைப்பர் படித்த அதே அயோவாவில். மூளையின் இரண்டு பாதிகளில் ஒன்று தலைமை ஏற்க வேண்டும், இரண்டும் போட்டி போட்டால் பேச்சு குழம்பும் என்பது அங்கிருந்த லீ எட்வர்ட் டிராவிஸின் கொள்கை. அதை நம்பி, திக்குபவர்களின் வலது கையைக் கட்டிப்போட்டு இடது கையால் எல்லா வேலையும் செய்ய வைத்தார்கள். வான் ரைப்பரின் நண்பர் வெண்டல் ஜான்சனும் அப்படிப் பழகிப் பார்த்தவர்தான். திக்கல் போகவில்லை. கை மாற்றுவதால்தான் திக்கல் வருகிறது என்பதற்குப் பிந்தைய ஆய்வுகளில் வலு கிடைக்கவில்லை. அதற்காக இடது கைக்காரப் பிள்ளையை வலது கையால் எழுது என்று வதைக்க வேண்டிய தேவையும் இல்லை.

"திக்குவாய்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைக்குத் திக்கல் வந்துவிடுமா?

இதைத்தான் மேலே சொன்ன ஜான்சன் ஒரு கொள்கையாகவே வைத்தார். எல்லாக் குழந்தைகளும் பேசப் பழகும்போது தடுமாறும், பெற்றோர் அதற்குத் திக்கல் என்று பெயர் வைப்பதால்தான் அது திக்கல் ஆகிறது என்றார். 1939-இல் அவருடைய மாணவி மேரி டியூடர், அயோவாவின் டாவன்போர்ட் நகர அநாதை விடுதியில் 22 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடம், உனக்குத் திக்க ஆரம்பித்துவிட்டது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அந்தப் பிள்ளைகள் திக்குவாயர்கள் ஆகிவிடவில்லை. ஆனால் சிலர் வாயைத் திறக்கவே கூச்சப்படத் தொடங்கினார்கள், வகுப்பில் பதில் சொல்ல மறுத்தார்கள். சோதனை வெளியே தெரியாமல் பல பத்தாண்டுகள் கிடந்தது. 2001-இல் செய்தியாக வந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் உயிரோடிருந்த சிலருக்கு இழப்பீடு கிடைத்தது. இதில் வான் ரைப்பருக்குப் பங்கில்லை, அவர் அதற்கு முன்பே கலமசூவுக்குப் போய்விட்டார். பேசுபவருக்கு விழும் அடியைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவரின் சக மாணவர் வீட்டிலேயே இது நடந்தது என்பது எனக்கு இன்றைக்கும் நெருடலாகத்தான் இருக்கிறது.

கேள்விக்கு வருவோம். பெயர் வைப்பதால் திக்கல் வராது. கேலி செய்தால் பேச்சு குறையும். பிள்ளைக்குத் தெரிந்தே இருக்கும் திக்கலைப் பற்றி வீட்டில் யாரும் வாயே திறக்காமல் இருப்பதும் நல்லதில்லை. "அந்தச் சொல் கொஞ்சம் மாட்டிக்கிச்சு இல்ல? பரவால்ல, எனக்கு நேரம் இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லலாம்.

என் மகனுக்குத் திக்கல் இல்லை. "க" வராமல் "த" போடுகிறான். இதற்கும் வான் ரைப்பர் ஏதாவது சொன்னாரா?

சொன்னார், நிறையவே. உச்சரிப்புத் திருத்தத்தில் பழைய முறை என்று இன்று தெரபிஸ்டுகள் சொல்வது பெரும்பாலும் அவருடைய முறைதான். காதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிள்ளையைச் சொல்லச் சொல்லி நச்சரிப்பதற்கு முன்னால் கேட்க வைக்க வேண்டும். "க" சத்தத்துக்கு ஒரு பெயர் வைப்பது, நாம் பேசும்போது அந்தச் சத்தம் வந்தால் கை தட்டச் சொல்வது, பல குரல்களில் கேட்க வைப்பது, பிறகு "கண்", "தண்" இரண்டையும் சொல்லி எது சரி என்று கண்டுபிடிக்க வைப்பது. அதற்கப்புறம்தான் வாய். முதலில் தனிச் சத்தம், பிறகு பொருளில்லாத அசைகள், பிறகு சொல், பிறகு வாக்கியம். பொருளில்லாத அசை எதற்கு என்றால், "காகம்" என்றாலே அவன் நாக்கு பழைய "தாதம்" வழியில் ஓடிவிடும். "கூ", "கீ", "ஈக்" என்றால் பழைய பாதையே கிடையாது.

இன்று இதில் ஒரு திருத்தம் உண்டு. "க" மட்டுமல்லாமல் பின்நாக்கில் பிறக்கும் எல்லாச் சத்தமும் முன்னால் வந்துவிடுகிறது என்றால், அது ஒரு சத்தத்தின் சிக்கல் இல்லை, ஒரு விதியின் சிக்கல். அதற்கு "கடை – தடை" மாதிரி இணைச் சொற்களை வைத்துப் பொருள் மாறுவதைக் காட்டும் முறைகள் வந்துவிட்டன. "கடைக்குப் போகணும்" என்று நினைத்து "தடைக்குப் போகணும்" என்றால், நீங்கள் "எந்தத் தடை?" என்று முழித்தால் போதும், பிள்ளைக்கே உறைக்கும். மூன்று வயதுவரை இந்த மாற்றம் பல பிள்ளைகளிடம் இருப்பதுதான். நான்கைத் தாண்டியும் நின்றால் காட்டுங்கள்.

பேச்சே வரவில்லை என்றால்?

முதலில் காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானே என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம், பரிசோதித்துவிடுங்கள். பிறகு தெரபிஸ்ட்.

வீட்டில் செய்ய, வான் ரைப்பரின் பாடநூலில் எளிய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, நாம் செய்வதை நாமே பேசுவது. துணி மடிக்கும்போது, "சட்டை. நீலச் சட்டை. மடிக்கிறேன். கை உள்ளே. முடிஞ்சுது." இன்னொன்று, பிள்ளை செய்வதை நாம் பேசுவது. அவன் காரை உருட்டுகிறான், "கார் போகுது. வேகமா போகுது. ஐயோ, விழுந்துடுச்சு!" இரண்டிலும் கேள்வி கிடையாது, "சொல்லு, சொல்லு" கிடையாது. நம் வீடுகளில் கஷ்டமே அங்கேதான். "இது என்ன? கார் சொல்லு, கார் சொல்லு" என்று பரீட்சை வைக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், அது எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

படிப்பில் பின்தங்குவதற்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு?

திக்கலுக்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் பேச்சும் மொழியும் தாமதமாக வந்த பிள்ளைகளில் சிலர் பிறகு வாசிப்பில் தடுமாறுகிறார்கள். சொல்லைச் சத்தங்களாகப் பிரிப்பதுதான் இரண்டுக்கும் அடித்தளம்.

இதிலும் அயோவா வருகிறது. வான் ரைப்பர் அங்கே வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவர் அங்கிருந்தார். புத்திசாலியாக இருந்தும் வாசிக்க முடியாத பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 1925-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எழுத்துகளைத் திருப்பிப் போடுவதைப் பார்த்து, "முறுக்கிய குறிகள்" என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் ஒன்றையும் வைத்தார். டிராவிஸின் இரு பாதி மூளைக் கொள்கைக்கு வேர் இவரிடம்தான் இருந்தது. 1937-இல் எழுதிய புத்தகத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பேசினார். மூளைக் கொள்கையில் பாதி நிற்கவில்லை. அவர் சொன்ன கற்பிக்கும் வழி நின்றது: கண், காது, கை மூன்றையும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக, வரிசை தப்பாமல். அன்னா கில்லிங்கம் அதை ஆசிரியர்களுக்கான முறையாக ஆக்கினார். இன்று டிஸ்லெக்சியா, அதாவது புத்தி இருந்தும் வாசிக்கத் திணறும் சிக்கல், உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பல முறைகள் அதன் வழி வந்தவைதான்.

தமிழில் ஒன்றைக் கவனிக்கலாம். "கொ" எழுதும்போது ஒற்றைக் கொம்பை முதலில் போட்டு, பிறகு "க", பிறகு கால். வாயில் முதலில் வருவது "க்", பின்னால் வருவது "ஒ". கை வரிசையும் காது வரிசையும் வேறு. கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை "தொடு"வைக் "தெ... தெடா..." என்று தடவினால், கண்ணாடி போட்டுத் தீராது, "கவனமாப் பாரு" என்று அதட்டியும் தீராது. ஒரு எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத வைத்துப் பாருங்கள்.

அவர் சொன்னதெல்லாம் இன்றும் சரியா?

இல்லை. சின்னக் குழந்தையின் திக்கலை நேரடியாகத் தொடக்கூடாது, சூழலை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவர் காலத்துப் பொதுக்கருத்து. இன்று ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில், தெரபிஸ்ட் வழிகாட்ட, பெற்றோரே பிள்ளையின் சரளமான பேச்சைப் பாராட்டி, எப்போதாவது திக்கலையும் மென்மையாகச் சுட்டுகிறார்கள். பள்ளி வயதுக்கு முன் அது நன்றாகவே பலன் தருகிறது.

இதைக் கேட்டால் வான் ரைப்பர் கோபப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கலமசூவில் தன் முறையையே மாற்றி மாற்றிப் பார்த்தவர் அவர். சிகிச்சை முடிந்துபோனவர்களைத் தேடிப் பிடித்து, யாருக்கு நின்றது, யாருக்குத் திரும்பியது என்று பார்த்து, தோற்றவற்றையும் எழுதி வைத்தார். குணமானவர்களின் கதையை மட்டும் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்துச் சலித்த எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

அப்படியானால் பெரியவர்களுக்குத் திக்கல் முழுதாகப் போகுமா?

பெரும்பாலும் போகாது. அவர் கடைசி ஆண்டுகளில் ஒளிக்காமல் சொன்னதும் அதையே. அவருக்கே கடைசிவரை திக்கியது, அதோடுதான் வகுப்பெடுத்தார். 21 நாளில் நூறு சதவீதம் குணம் என்று யாராவது சொன்னால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

கலி கேஜ் என்ற புனைபெயரில் தன் பிறந்த ஊர்ப் பக்கத்து மனிதர்களைப் பற்றிக் கதைகள் எழுதினார். திக்கலைப் பற்றி ஒன்றுமே அறியாத மிச்சிகன் வாசகர்கள் பலருக்கு அவர் கதைக்காரர் மட்டும்தான்.

உங்களுக்குத் திக்கல் போய்விட்டதா?

இல்லை. போன வாரம் ஒரு கூட்டத்தில் வருகைப் பட்டியல் வாசித்தார்கள். என் பெயர் வந்தது. "உள்ளேன்" என்று சொல்லத்தான் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை, கை தூக்கினாலே போதும். இருந்தாலும் சொல்லிப் பார்ப்போமே என்று வாயைத் திறந்தேன். "உ"வில் அடைத்தது. அழுத்தவில்லை. தொண்டையைத் தளர்த்தி, "உ...உ...உள்ளேன்" என்று இழுத்து முடித்தேன். மூன்று விநாடி ஆகியிருக்கும். வாசித்தவர் நிமிர்ந்து பார்த்தார், டிக் போட்டார், அடுத்த பெயருக்குப் போனார்.